நம் தண்ணீரை நாமே அளப்போம்

(சங்கக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் போர்வெல் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, இரண்டு வீட்டு டிடிஎஸ் மீட்டர்களை அதில் வைத்துப் பார்த்தோம். ஒன்று 1500 என்றது, மற்றொன்று 2100. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. ஒரு மீட்டர்படி நம் தண்ணீர் அந்த வரம்புக்குள், மற்றதன்படி வரம்புக்கு வெளியே. இதை நம்பியா சங்கப் பணத்தில் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குவது?

இரண்டும் பழுதாக இருக்க வேண்டியதில்லை. இந்த மீட்டர்கள் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, அந்த எண்ணை 0.5 அல்லது 0.7 போன்ற ஒன்றால் பெருக்கிக் காட்டுகின்றன. கடத்துதிறன் 3000 மைக்ரோசீமென்ஸ் என்றால் ஒன்றில் 1500, மற்றதில் 2100. எதனால் பெருக்கியது என்பது மூடிய பெட்டிக்குள் இருக்கிறது.

திறந்த கருவி தேவைப்படுவது இதனால்தான். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில், பி.பி. அஜித்குமார் குழுவினர் மாணவர்களுக்காக 'எக்ஸ்ப்ஐஸ்' என்ற சிறு கருவியை உருவாக்கினார்கள். கணினியின் யுஎஸ்பியில் செருகினால் போதும். அதன் சர்க்யூட்டும் மென்பொருளும் எவரும் பார்க்கலாம், மாற்றலாம்.

அதை வைத்து நமக்கான கருவியை மூன்று பகுதிகளாகச் செய்யலாம். முதல் பகுதி, எக்ஸ்ப்ஐஸ் பலகை. இரண்டாவது, மதிப்பு தெரிந்த ஒரு ரெசிஸ்டர். மூன்றாவது, தண்ணீரில் முக்கும் மின்முனைகள். பலகை தரும் சைன் அலை ரெசிஸ்டர் வழியாகத் தண்ணீருக்குள் போகும். இரண்டு இடத்திலும் மின்னழுத்தத்தை அளந்தால் தண்ணீரின் மின்தடை கணக்கில் வந்துவிடும். பேட்டரி மின்சாரம் ஆகாது. மின்முனைகளில் அயனிகள் சேர்ந்து அளவு நகர்ந்துகொண்டே இருக்கும்.

மின்முனை அரித்துப்போனால் அதை மட்டும் மாற்றலாம். பிறகு 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் முக்கிச் சரிபார்க்க வேண்டும். 25 டிகிரியில் அது 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூடினால் கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். ஆகவே தெர்மாமீட்டரும் பக்கத்தில் இருக்கட்டும்.

நாம் இருப்பது காட்டூர் பக்கம். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்த கதை பல பத்தாண்டுப் பழையது. பழவேற்காடு ஏரியிலோ மழைக்காலத்தில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். இறாலும் மீனும் அதைப் பொறுத்தே. மின்முனையை மட்டும் மாற்றினால் இதே கருவி ஏரி நீரையும் அளக்கும். மீனவர் குப்பங்களில் கேட்டால் அங்கேயும் கொடுக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது உப்பை மட்டுமே சொல்லும். கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் ஆய்வகப் பரிசோதனைதான் வழி.

என் வேண்டுகோள் இதுதான். மாதம் ஒருமுறை ஒரே நாளில் நம் போர்வெல்லை அளந்து, தேதி, வெப்பநிலை, கடத்துதிறன் மூன்றையும் அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். அதன்பிறகு இயந்திரம் வாங்குவதா, மழைநீர்த் தொட்டியைச் சரிசெய்வதா என்று உட்கார்ந்து பேசுவோம். சால்டரிங் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அனுப்பி வையுங்கள்.