அவளுக்கும் ஒரு கதிரை

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அப்போது வாய் திறந்தால் ரீச்சர் முறைப்பார். இன்று பேசச் சொல்லி நீங்களே கூப்பிட்டிருக்கிறீர்கள். உளநல மருத்துவராக நான் கண்ட ஒன்றை உங்களோடு பகிர விரும்புகிறேன். நோய் மாறுவது ஒன்று. வாழ்க்கைக்குத் திரும்பி வருவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும் பெண்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள்.

உளச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். காதில் குரல்கள் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை இதன் அறிகுறிகள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது சராசரியாகச் சில ஆண்டுகள் பிந்தியே தொடங்குகிறது. தொடக்க ஆண்டுகளில் பெண்கள் மருந்துக்கு நன்றாக இசைகிறார்கள் என்றும், மற்றவர்களோடு பழகும் திறனை அதிகம் தக்கவைத்துக்கொள்கிறார்கள் என்றும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈஸ்திரோஜன் ஹோர்மோன் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது என்பது ஒரு விளக்கம்.

அப்படியானால் புனர்வாழ்விலும் பெண்கள்தானே முன்னுக்கு நிற்கவேண்டும்? நான் கண்டது வேறு. நோய் பிந்தி வருவதால், அதற்குள் பலருக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையும் இருக்கும். கணவன் நோயாளியானால் மனைவி சாப்பாட்டுப் பெட்டியோடு வார்ட் வாசலில் நிற்பார். மனைவி நோயாளியானால் பெரும்பாலும் வருவது தாய் அல்லது சகோதரி. சென்னையில் 1984இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் நிறுவனம், இந்த நோயால் மணவாழ்வு முறிந்த பெண்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நோயால் வந்த அவப்பெயரைவிட, 'புருஷன் விட்டவள்' என்ற பெயரே அவர்களையும் குடும்பத்தாரையும் கூடுதலாக வருத்தியது என்று அது சொல்கிறது.

இனி என் பிழையையும் சொல்லவேண்டும். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெண் தமையனோடு கிளினிக்குக்கு வருவார். நோய் வருமுன் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். குரல்கள் நின்றுவிட்டன. "வீட்டில் எப்படி இருக்கிறா?" என்று தமையனிடம் கேட்டேன். "சமைக்கிறா, கூட்டுறா, எங்கட பிள்ளையளைப் பாக்கிறா. ஒரு பிரச்சினையும் இல்லை டொக்டர்" என்றார். கோப்பில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். மாதக்கணக்கில் அதையே எழுதினேன். ஒருநாள் அவரோடு தனியாகப் பேசியபோது சொன்னார்: "டொக்டர், நான் கேற்றைத் தாண்டி வாறது இஞ்ச வாறதுக்கு மட்டுந்தான்."

அவர் ஆணாக இருந்திருந்தால், "வேலைக்குப் போகிறாரா?" என்பதுதான் என் முதற் கேள்வியாக இருந்திருக்கும். ஒரு பெண் மருத்துவரான நானே அவரிடம் அதைக் கேட்கவில்லை. சம்பளமில்லாத வீட்டுவேலையைச் சுகத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்.

கேட்கப்படாத கேள்விகள் இன்னும் உண்டு. சில மருந்துகள் மாதவிடாயை நிறுத்திவிடும், உடம்பைப் பருக்கவைக்கும். சில மருந்துகள் கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்குக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பேசாமல் குளிசையை நிறுத்தும் பெண்கள் இருக்கிறார்கள். நோய் திரும்பி வந்ததும், 'மருந்து எடுக்காதவள்' என்ற பழியும் சேர்ந்துவிடும். கேட்டால் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். தொழிற்பயிற்சி என்றாலும் பெண் என்றவுடன் தையல் மெஷினையே காட்டுகிறோம். முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்பதில்லை.

மாற்ற முடியாதா? 1993இல் சென்னையில் இரண்டு இளம்பெண்கள் 'தி பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உளநோயோடு தெருவில் நின்ற பெண்களுக்காக அது உருவானது. போக வீடில்லாதவர்கள் சிலராகச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் வாழவும் அது பின்னர் வழிசெய்தது. சந்தைக்குப் போகிறார்கள், அயலவரோடு கதைக்கிறார்கள். மருந்தோடு ஓர் இடமும் கிடைக்கும்போது ஆள் நிமிர்கிறார்.

எங்கள் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்துகள் இலவசம். 1926 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைத்து உளநல ஆலோசனை கேட்கலாம். இடத்தைக் கொடுப்பதுதான் எங்கள் பங்கு. சங்கத்தின் முகவரிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'தொடர்பு இல்லை' என்று எழுதிய பெயர்கள் இருக்கும். எல்லோரும் தூரதேசம் போனவர்கள் அல்லர். சிலர் பக்கத்து ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அக்காமாரே, நீங்கள் அனுப்பும் காசுக்கு நன்றி. அதோடு பழைய வகுப்புத் தோழி ஒருத்திக்கு மாதம் ஒருமுறை ஃபோன் எடுங்கள். நோயைப் பற்றித் துருவ வேண்டாம். பள்ளிக்கூடக் கதை போதும்.

அந்தக் கணக்கு ரீச்சரின் வீட்டுக்கு அயலில் இருந்த ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார். இன்றும் அவர் மருந்து எடுக்கிறார். சில நாட்கள் கஷ்டம்தான். ஆனால் பின்னேரம் நாலு மணிக்கு அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு இப்படியான ஒருத்திக்கும் அழைப்பு அனுப்புங்கள். அவளுக்கும் ஒரு கதிரை போடுங்கள். முதல் வருடம் வராவிட்டாலும் அடுத்த வருடமும் போடுங்கள்.