சரக்குந்துப் புகையும் தமிழர் மூச்சும்



வடசென்னையில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கும் தாய்மார், காலையில் துவைத்து உலர்த்திய வெள்ளாடையை மாலையில் எடுக்கும்போது அதன்மேல் கரும்பொடி படிந்திருக்கக் காண்கின்றனர். ஆடையில் படிந்த கரியை மறுநாள் வெளுத்துவிடலாம். அதே காற்றை மூச்சாக இழுத்த பிள்ளையின் நுரையீரலில் படிந்த கரியை எந்தத் துறையில் இட்டு வெளுப்பது?

அக்கரியில் ஆலைப்புகையும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலும் உண்டு. ஆயினும், துறைமுகத்திற்குள் நுழையும் முறைக்காகப் பெட்டகங்களைச் சுமந்தவாறு, பொறியை அணைக்காமல், சாலையோரம் வரிசையிட்டு நிற்கும் சரக்குந்துகளின் பங்கை எவரும் மறுத்தற்கியலாது. சாலையில் ஓடும் ஊர்திகளுள் சரக்குந்துகள் தொகையாற் சில. இருசக்கர ஊர்திகளே மிகப்பல. ஊர்திகள் கக்கும் நுண்கரியிலும் நச்சுவளியிலுமோ அச்சிலவற்றின் பங்கே பெரிது. எனவே, சரக்குந்து எதைக் குடித்து ஓடுகிறது என்பது உந்துடையார் கேள்வி மட்டுமன்று. சாலையோரத்து ஊரெல்லாம் கேட்கவேண்டிய கேள்வி.

அது குடிப்பது டீசல். டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராதாகலின், இவ்வுரையில் அது தீசல் என்றே வழங்கும். அப்பெயர், பொறியைப் படைத்த உருடால்பு தீசல் என்னும் செருமானியரின் பெயர். 1897-ஆம் ஆண்டில் ஆக்சுபர்க்கு நகரில் அவர் பொறி வெற்றியுடன் இயங்கிற்று. 1900-இல் பாரிசுக் கண்காட்சியில் அவ்வகைப் பொறியொன்றை வேர்க்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டினர். ஆகவே, நிலத்தடி எண்ணெய் ஒன்றற்கே அடிமையாகப் பிறந்த பொறியன்று அது.

காற்றை மிக இறுக்கினால் அது சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைத் தூவினால் தீப்பொறி வேண்டாமலே பற்றிக்கொள்ளும். இதுவே தீசற் பொறியின் கமுக்கம். இழுவை மிகுதி, எண்ணெய்ச் செலவு குறைவு, பெருஞ்சுமைக்கு ஏற்றது. ஆனால் தூவிய துளியின் நடுப்பகுதி போதிய காற்றுப் பெறாமல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. அறையின் பெருவெப்பத்தில், காற்றில் ஐந்தில் நான்கு பங்கான நைதரசன் உயிர்வளியோடு கூடி நச்சுவளியாகிறது. நைதரசன் வெடியுப்பில் உள்ளமையால் அதனை வெடியம் எனத் தமிழில் வழங்குவர். அந்த நச்சுவளியை வெடிய நச்சுவளி என்க. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இல் தீசற்புகையைப் புற்றுநோய் விளைக்கக்கூடியது என ஐயுற்றது. 2012-இல் ஐயமின்றி விளைப்பது என அறுதியிட்டது. அந்தப் புகைக்கு மிக அண்மையில் நாள் முழுதும் இருப்பவர், ஓட்டுநரும் சுமையேற்றும் தொழிலாளருமே!

இவ்விரண்டு கேடுகளோடு மூன்றாவதாக ஒன்று எண்ணெயினுள்ளேயே ஒளிந்திருந்தது. அது கந்தகம். எரிந்தால் அது கந்தக நச்சுவளியாகும், நுண்துகளாகவும் மாறும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. புகையைத் தூய்மை செய்வதற்குப் புகைக்குழாயிற் பொருத்தும் வினையூக்கியின் மேல் கந்தகம் படிந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். நோயைத் தருவதோடு மருந்தையும் நஞ்சாக்கும் பகை அது. ஆகலின் எண்ணெயைத் தூய்மை செய்யாமல் பொறியைத் தூய்மை செய்ய வழியே இல்லை. தூய எரிநெய் பற்றிய பேச்சுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

இந்திய ஒன்றியத்தில் 1990-களின் தொடக்கத்தில் விற்ற தீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என ஒப்பியிருந்தனர். அஃதாவது பத்து இலக்கத்தில் 10,000 பங்கு. 2005-இல் அது நாடு முழுதும் 500 ஆயிற்று, 2010-இல் 350, 2017-இல் 50, 2020 ஏப்பிரலில் 10. ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்த இக்குறைவை எவரும் பாராட்டத்தான் வேண்டும். (அத்தரநிலைகளுக்குச் சூட்டிய பெயர் ‘பாரத்’. புகைக்கும் வடமொழிப் பெயர்தானா என்று கேட்பாரில்லை.)

ஆனால் அந்த ஏணியில் ஏறிய முறையைப் பாருங்கள். 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 பெருநகர்களுக்கு 50 பங்குக் கந்தகமுள்ள எண்ணெய். ஏனைய ஊர்களுக்கு 350! பெருநகரத்தார் நுரையீரல் ஒருவகை, சிற்றூரார் நுரையீரல் மற்றொரு வகை எனப் படைத்தவர் யார்? இப்பிளவின் முழுத் தீமையும் சரக்குந்தின் மேல் விழுந்தது. மகிழுந்து நகரிலேயே எண்ணெய் நிரப்பி நகரிலேயே ஓடும். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ புறப்படும் சரக்குந்து எட்டு மாநிலங்களைக் கடந்து, கண்ட இடத்தில் கிடைத்த எண்ணெயை நிரப்பும். 350 பங்குக் கந்தகத்தைக் குடித்தால் நுண்கருவி கெடும் என்னும் கரணியத்தால், நெடுந்தொலைவுச் சரக்குந்துகள் பெரும்பாலும் கீழ்த்தரநிலைக்கே செய்யப்பட்டன. அவையே இரவில் பெருநகர்களின் ஊடேயும் சென்றன. இந்த ஈரடுக்கு முறை 2017-இல்தான் ஒழிந்தது. அந்த ஏழாண்டுகளில் விற்ற உந்துகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுட் புதிய எண்ணெயை ஊற்றினால் கந்தகத் தீமை நீங்கும், கரி நீங்காது. ஏனெனில், கரியைப் பிடிக்கும் வடிகட்டி அவற்றில் இல்லை.

2020-க்குப் பின் வந்த சரக்குந்துகளில் இரு கருவிகள் உள. ஒன்று, கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. மற்றொன்று, நூற்றுக்கு 32.5 பங்கு ஊரியா கரைத்த நீரைப் புகையிற் பீய்ச்சி, வெடிய நச்சுவளியைத் தீங்கற்ற வெடியமாகவும் நீராவியாகவும் மாற்றும் கருவி. நிலைவிரைவு ஆய்வில் ஒரு கிலோவாட்டு மணி ஆற்றலுக்கு 3.5 கிராம் வரை ஒப்பப்பட்டிருந்த வெடிய நச்சுவளி, இப்போது 0.4 கிராமுக்கு மேற்போகலாகாது. எண்ணெய் தூய்மையானதால் வந்த பேறு இது.

இங்குதான் மொழிச்சிக்கல் வந்து நிற்கிறது. எண்ணெய்க்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என நகைப்பார் சிலர். கேளுங்கள். வடிகட்டியிற் சேர்ந்த கரியை அவ்வப்போது ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் எரித்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும்போது அது பெரும்பாலும் தானே நடந்துவிடும். துறைமுக வரிசையில் மணிக்கணக்காக நின்று ஊர்ந்தால் புகையில் அவ்வளவு வெப்பம் ஏறாது, கரி அடைத்துக்கொள்ளும். அப்போது முகப்புப் பலகையில் ஒரு விளக்கு எரியும். உந்தை நிறுத்தி எரிப்பை முடிக்க வேண்டும், அல்லது விரைந்து ஓட்ட வேண்டும் என்பது அதன் பொருள். ஊரியாக் கரைசல் தீர்ந்தால் மற்றொரு விளக்கு. அதனைப் பொருட்படுத்தாவிடில் பொறி தன் வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும். இவ்வறிவிப்புகளெல்லாம் படக்குறிகளாகவும் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாகவுமே ஒளிர்கின்றன. அவற்றின் விரிவோ ஆங்கிலக் கையேட்டின் உட்பக்கங்களில்!

சுமையூர்தி ஓட்டுநர்க்கு எட்டாம் வகுப்புத் தகுதி வேண்டும் என்றிருந்த விதியை நடுவணரசு 2019-இல் நீக்கிற்று. ஏழை எளியவர்க்கு வேலை கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கம், நல்லதே. அவ்வாறாயின், அவ்வேழைக்குப் புரியும் மொழியில் பொறி பேசவேண்டாவா? புரியாத விளக்கு ஓட்டுநர்க்கு வெறும் அச்சுறுத்தல். அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவார். வடிகட்டி அடைத்து நடுவழியில் உந்து நிற்கும். உடையவர் பெரும்பணம் செலவிடுவார். அடுத்த முறை யாரோ ஒருவர், “இதைக் கழற்றி எறிந்தால் தொல்லையில்லை” என்பார். கழற்றியபின், எவ்வளவு தூய எண்ணெயை ஊற்றினாலும் குழாயில் வருவது பழைய கரும்புகையே. எண்ணெயாலைகள் கந்தகம் நீக்கச் செலவிட்ட பெரும்பொருள் அந்த ஓர் உந்தைப் பொறுத்தவரை வீண். பட்டறைத் தம்பிகள் அறிவிற் குறைந்தவரல்லர்; ஒலியைக் கேட்டே பொறியின் நோயைச் சொல்லும் திறவோர். அவர்க்கு மறைக்கப்பட்டிருப்பது அறிவன்று, அறிவின் வாயில்.

தீசலை விட்டு வேறு எரிநெய்க்கு மாறலாமே என்பர். இயற்கை எரிவளி முன்னிற்கிறது. அதனைச் சுழிக்குக் கீழே 162 பாகை வரை குளிர்வித்தால் நீர்மமாகி அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நெடுந்தொலைவுச் சரக்குந்து சுமந்து செல்ல இயலும். எண்ணூரில் 2019-இல் ஆண்டுக்கு 50 இலக்கம் தொன் கொள்ளளவுள்ள முனையமும் திறக்கப்பட்டது. எரிவளியிற் கரி மிகக் குறைவு, கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் அது எரியாமற் கசிந்தால், அந்த மீத்தேன் இருபதாண்டுக் கணக்கில் கரிவளியைப் போல் ஏறத்தாழ எண்பது மடங்கு நிலவுலகைச் சூடேற்றும். இன்னொரு கேள்வியும் உண்டு: அவ்வளி எந்த மண்ணிலிருந்து எடுக்கப்படும்? 2017-இல் நெடுவாசல் மக்கள் திரண்டெழுந்தது இக்கேள்விக்காகவே. 2020-இல் காவிரிப் படுகையைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததும் அதன் பின்னரே. சென்னைத் தெருவில் புகை குறையத் தஞ்சை வயலில் துளையிடுவது தூய்மையாகாது.

எண்ணெய் விதைகளின் கதையும் உண்டு. இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில், காட்டாமணக்கு வறண்ட நிலத்திலும் கொழிக்கும், அதன் எண்ணெயால் உந்துகள் ஓடும் எனத் தமிழ்நாட்டு உழவரிடம் ஆசை காட்டினர். வறண்ட நிலத்தில் செடி உயிர்வாழ்ந்தது, விதை கொடுக்கவில்லை. நீர்விட்டால் கொடுக்கும், நீர் இருந்தால் உழவன் நெல்லும் கடலையும் விளைக்கமாட்டானா? உணவகங்களிற் பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயைத் திரட்டி எரிநெய்யாக்குவது அதனினும் அறிவுடைய வழி. அது மீண்டும் வாணலிக்குப் போகாமல் தடுப்பதால் வயிற்றுக்கும் நன்று. ஆனால் தீசலின் தேவைக்கு முன் அது கடலிற் கரைத்த பெருங்காயம்.

நீரகவளியிலும் இப்போது பெருநம்பிக்கை வைக்கின்றனர். 2023 பிப்பிரவரியில் தமிழ்நாட்டு நிறுவனமான அசோக் லேலண்டு, ரிலையன்சு நிறுவனத்தோடு சேர்ந்து நீரகவளியை எரித்து ஓடும் பெருஞ்சரக்குந்தைக் காட்சிக்கு வைத்தது. கரிப்புகை ஏறக்குறைய இல்லை; வெடிய நச்சுவளி மட்டும் அப்பெருவெப்பத்தில் தோன்றவே செய்யும். உலகில் இன்று ஆக்கும் நீரகவளியிற் பெரும்பகுதி இயற்கை எரிவளியிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பெறப்படுகிறது. காற்றாலை மின்னாற்றலால் நீரைப் பிரித்துப் பெற்றால்தான் அது தூயது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுழலும் காற்றாலைகளையுடைய நாடு இதில் முன்செல்லத் தகும்.

இவற்றையெல்லாம் முடிவு செய்பவர் யார்? அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், பாறை எண்ணெய் நடுவணரசுப் பட்டியலின் 53-ஆம் இனம். பொதுநலவாழ்வும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலின் 6-ஆம் இனம். எண்ணெய் தில்லியுடையது, அதனால் வரும் இருமல் தமிழ்நாட்டுடையது! எரிநெய்யின் தரத்தை வரையும் உரிமை மாநிலத்துக்கும் வேண்டும் என்னும் கோரிக்கை இதனால் எழுகிறது.

அவ்வுரிமை வரும்வரை காத்திராமல் மாநிலமே செய்யத்தக்கவை உள. பெட்டக உந்துகள் தெருவில் நில்லாமல், முறைநேரம் பெற்று வந்து செல்ல நிறுத்தகம் அமைக்கலாம். பொறி அணைந்திருக்கும் ஒவ்வொரு மணியும் எரியாத எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்து விற்பாரைப் பிடிக்கலாம். அக்கலப்பு புதிய கருவிகளுக்குக் கொலைநஞ்சு. தொழிற்பயிலகங்களில் புகைத்தூய்மைக் கருவிகளைத் தமிழிற் கற்பிக்கலாம். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு சரக்குந்துடனும் தமிழ்க் கையேடு தருமாறு, எண்ணூரிலும் ஓசூரிலும் ஆலை வைத்திருப்பாரை வற்புறுத்தலாம். ‘துகள் வடிகட்டி’, ‘ஊரியாக் கரைசல்’, ‘கரியெரிப்பு நடக்கிறது, பொறியை அணைக்காதீர்’ என்னும் சொற்கள் முகப்புப் பலகையில் ஒளிரப் புதிய கருவி எதுவும் தேவையில்லை; அங்குள்ள திரைக்குத் தமிழெழுத்தைச் சொல்லிக் கொடுத்தாற் போதும்.