கரிசல் குடிக்கும் தண்ணீர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கரன்கோவில் புற்றுமண்ணுக்குப் பேர் போன ஊர். நான் பேச வந்தது வேறு மண். ஊருக்குக் கிழக்கே, கோவில்பட்டி வரைக்கும் பரந்து கிடக்கிற கரிசல்.

அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் கரிசலில் ஒரு வீடு கட்டினார். நல்ல கோடையில் நாலடி அஸ்திவாரம். முதல் ஐப்பசியில் வாசல் கதவு மூட வரவில்லை. மரம் ஊறிப்போச்சு என்று ஆசாரியை வரவழைத்து இழைப்புளி போட்டோம். சித்திரையில் கதவு லொடலொடத்தது. மறு வருஷமும் அதே கதை. மூன்றாம் வருஷம் மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடித்தபோதுதான், ஊறியது மரமல்ல, மண் என்று புரிந்தது. நான் படித்த இன்ஜினியர், வெட்கமாகத்தான் இருந்தது.

கரிசலில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமம் இருக்கிறது. சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிய அடுக்குகள். அடுக்குகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். வெளியேறினால் சுருங்கி, கை நுழையுமளவு பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரை மாசி வரை பருத்திக்குக் கொடுப்பதும் இந்தக் குணம்தான். பருத்திக்கு வரமானது சுவருக்குச் சாபமாகிவிட்டது. கரிசலை அப்படியே செங்கல் அறுக்க எடுப்பதில்லையே, ஏன்? காயும்போதே வெடித்துவிடும்.

மாணவர்களே, இதை நம் லேபிலேயே பார்க்கலாம். உலர்த்திச் சலித்த மண் பத்துப் பத்து கிராம் இரண்டு அளவு ஜாடிகளில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெய்க்கு இந்த மண் உப்பாது. அதில் 10 மில்லி, தண்ணீரில் 16 மில்லி என்றால் வீக்கம் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே உஷாராகிவிட வேண்டும். ஒரு நாள் வேலை, ஐம்பது ரூபாய்கூட ஆகாது. எங்கள் வீட்டுக்கு இதைச் செய்யாமல் விட்டோம்.

இதற்கு வழியும் இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய குமிழ் அடித்தூண் அது. சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே மழையும் வெயிலும் மண்ணை அவ்வளவாக அசைப்பதில்லை. அதுவரை துளையிட்டு, அடியில் தூணின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு குடைந்து கான்கிரீட் நிரப்பினால், மேல்மண் உப்பினாலும் அந்தக் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். தூண்களை இணைக்கும் உத்தரத்துக்கு அடியில் மட்டும் மண் உப்ப இடைவெளி விட வேண்டும். இதை மறந்தால் தூண் போட்டும் பிரயோஜனமில்லை.

எங்கள் வீட்டை இடிக்கவில்லை. சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டு, மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளிவிட்டோம். இப்போது ஐப்பசியிலும் கதவு மூடுகிறது. விரிசலை மட்டும் பூச அப்பா விடமாட்டேன் என்கிறார். வீடு கட்டப்போகிற சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறார்.