சம்பளத் துண்டைப் படிக்கத் தெரிந்தால்

(தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் மாதர் குழுவினருக்கும் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்குக் கைக்காசுக்குப் போயிருந்தால் நாலு காசு கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "பொருளாதார, சமூக ஏற்றத்தாழ்வு: காரணமும் விளைவும்". தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய புத்தகம் எதுவும் தேவையில்லை, இந்த மாதம் 10ஆம் திகதி வாங்கிய சம்பளத் துண்டு போதும். கொண்டுவந்தவர்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டவுனில் நம்மைப் பற்றிச் சொல்லும் கதையைப் பார்ப்போம். "தோட்டத்து ஆட்கள் குடிச்சே கெட்டாங்க, சேமிக்கத் தெரியாது, பிள்ளைகளைப் படிக்க வைக்க மாட்டாங்க." இதை வெளியாள் மட்டுமா சொல்கிறான்? நம் லயத்திலிருந்து படித்து வேலைக்குப் போனவர்களில் சிலரும் சொல்கிறார்கள். குடி கெடுதல்தான், அதைப் பற்றி மாதர் குழுவில் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆனால் குடிக்கவே குடிக்காத வீட்டைப் பாருங்கள். அந்த அக்கா முப்பது வருஷம் கொழுந்து எடுத்து ஓய்வு பெறும்போது கையில் என்ன இருந்தது? அதைக் கணக்குப் பார்ப்போம்.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 730 ரூபா என்றார்கள். பத்திரிகையிலும் 730 என்றுதான் வந்தது. துண்டைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500, வருகைக்கு 60, கொழுந்து நிறைக்கு 140, விலைப் பங்கு 30. இதில் 60ம் 140ம் நிபந்தனைக் காசு. காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் ஒன்று போகும், வறட்சியில் கொழுந்து வராவிட்டால் மற்றது போகும். நிறை குறைந்தால் அரைப் பேர் போடுகிற கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கும் கீழே ஒரு நட்டம் இருக்கிறது. அது மாதச் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஈ.பி.எப்.புக்கு நம்மிடம் 8 வீதம் வெட்டி, கம்பனி 12 வீதம் போட வேண்டும். இதை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். சர்வீஸ் காசு, அதாவது பணிக்கொடை, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவது. நாள் சம்பளக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருஷம் என்றால் 420 நாள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தால் பெருக்குங்கள். 500 என்றால் 2,10,000 ரூபா. 730 முழுவதும் அடிப்படையாக இருந்திருந்தால் 3,06,600. வித்தியாசம் 96,600 ரூபா. அதை யாரும் களவெடுக்கவில்லை, துண்டில் அது எழுதப்படவே இல்லை. 2024இலும் பேச்செல்லாம் 1,700 என்று நடந்தது, செப்டெம்பரில் முடிவான அடிப்படைச் சம்பளம் 1,350. அதே 420 நாளைப் பெருக்கிப் பார்த்தால் இடைவெளி 1,47,000. சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறோம். "அதில் அடிப்படை எவ்வளவு?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கம்பனிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேயிலை உற்பத்திச் செலவில் பெரும் பகுதி தொழிலாளர் சம்பளம், ஏல விலை நம் கையில் இல்லை என்கிறார்கள். ஏல விலை ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் கிழட்டுச் செடியைப் பிடுங்கிப் புதுக் கன்று நடாமல், புல்லு வெட்டாமல், உரத்தைக் குறைத்து, காடு மண்டிய மலையில் போய் 18 கிலோ, 20 கிலோ எடு என்றால் எங்கிருந்து வரும்? நிர்வாகம் செய்யாமல் விட்ட வேலைக்குத் தண்டனை தராசடியில் நிற்கிற பெண்ணுக்கு.

இனி நிலத்துக்கு வருவோம். இன்று இந்த நாட்டுத் தேயிலையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் கொடுப்பவர்கள் சிறுதோட்டக்காரர்கள். அவர்களும் பணக்காரர்கள் இல்லை. ஆனால் செடி அவர்களுடையது, மண் அவர்களுடையது. பிள்ளைக்கு உயர்தரம் படிக்கக் காசு வேண்டுமென்றால் உறுதியைக் கொண்டு பேங்குக்குப் போகலாம். நாம் எதைக் கொண்டு போவது? லயன் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுக்கு இலக்கமில்லை, தெருவுக்குப் பெயரில்லை, கடிதம் ஆபீசுக்கு வந்து அங்கே கிடந்து பிறகு நம் கைக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்ந்த பிள்ளைகள் இந்த டிவிஷனிலேயே இருக்கிறார்கள்.

நிலமில்லாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. இளைஞர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1947 தேர்தலில் நம் மக்கள் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருஷம், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. அதன் பிறகு நம் மக்கள் வாக்களித்து ஒரு மலையகப் பிரதிநிதி பாராளுமன்றம் போக 1977 வரை ஆனது. முப்பது வருஷம்!

அந்த முப்பது வருஷத்தில் நாட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமத்துக்கு மத்திய மகா வித்தியாலயம் வந்தது, வைத்தியசாலை வந்தது, ரோடு வந்தது. வாக்கு இருந்த இடத்துக்கு எம்.பி. வந்தார், எம்.பி. வந்த இடத்துக்கு இதெல்லாம் வந்தது. தோட்டத்தில் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு இருந்தார். 1970களின் கடைசியில்தான் நம் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. காணிச் சீர்திருத்தத்தில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், அந்த மண்ணில் உழைத்தவனுக்குக் காணி கிடைக்கவில்லை. பல இடங்களில் லயத்தை விட்டே துரத்தினார்கள். காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோதுதான் 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பெயர் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இல்லை. எங்கள் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"இப்போது பிரஜாவுரிமை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, எம்.பி.மார், அமைச்சர்மார் எல்லாம் வந்துவிட்டார்களே, இன்னும் ஏன் பழங்கதை?" என்று போன வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 2003இல் கடைசியாக மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது உண்மை. ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் பிரதேச சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்றார்கள். வாக்கு மட்டும் வேண்டும், லைட் கம்பம் போட முடியாது. அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை ஆனது. சட்டம் ஒருநாளில் மாறலாம். 1950இல் படிக்காத தாத்தாவின் பிள்ளை 1975இல் படிக்கவில்லை, அந்தப் பிள்ளையின் மகளை இன்று நான் ஏழாம் வகுப்பில் வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரு மேசை இல்லை, கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கிராமத்துப் பிள்ளை ஓடத் தொடங்கி ரொம்ப நேரம் கழித்து இந்தப் பிள்ளையை ஓட விட்டிருக்கிறார்கள்.

விளைவை அரசாங்கத்தின் கணக்கே சொல்கிறது. 2016 கணக்கெடுப்பில் வறுமையில் இருந்தவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 1.9, கிராமத்தில் 4.3, தோட்டத்தில் 8.8. அதே வருஷச் சுகாதாரக் கணக்கில், ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டத்தில் சுமார் 32. மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. காலையில் சாயத் தண்ணியும் நேற்றைய ரொட்டியும் தின்றுவிட்டு வருகிற பிள்ளை பதினொரு மணிக்கு மேசையில் தலை வைத்துப் படுக்கிறது. அதைச் சோம்பேறி என்று ஒரு ஆசிரியர் திட்டுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சாதாரண தரத்தோடு நிறுத்திய பையன் கொழும்பில் கடையில் மூட்டை தூக்குகிறான், பெண் பிள்ளை வீட்டு வேலைக்குப் போகிறாள். பிறகு டவுனில் அதே கதை: "படிக்க வைக்க மாட்டாங்க."

நமக்குள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வையும் பேசாமல் போனால் இந்த வகுப்பு பாதி வகுப்புதான். 1984 வரை ஒரே தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த சம்பளம். சட்டத்தில் அது போய்விட்டது. ஆனால் ஆண்கள் மத்தியானத்தோடு வேலை முடிந்து இறங்க, பெண்கள் அந்திக் கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைத் தூக்கி, விறகு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். நம் சங்கத்தையே பாருங்கள். சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், தோட்டத் தலைவர்கள் எத்தனை பேர் பெண்கள்? முன் வரிசையில் இருக்கிற அண்ணன்மார் சிரிக்கிறார்கள். அடுத்த கமிட்டித் தெரிவில் சிரிப்பு வேண்டாம், பெயர் கொடுங்கள்.

சரி, நாம் என்ன செய்வது? நாடு முழுவதும் மாற்ற வேண்டியதைப் பற்றிச் சங்கம் பேசுகிறது, காணி உறுதிக்காகப் போராட்டம் நடக்கிறது. அது நடக்கட்டும். இந்தத் தோட்டத்தில் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறு பெயர் என்று நம்மில் பலர் இருக்கிறோம். வேலை செய்யும் வரை அது யாருக்கும் பிரச்சினையில்லை. ஈ.பி.எப். எடுக்கப் போகும்போதுதான் "இது நீ இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதேபோல பணிக்கொடை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 வீதம் மேலதிகமாகக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. "காசு வந்ததும் தாறோம், போயிட்டு வாங்க" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது. திகதி போட்டு எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம், சங்கம் கூட வரும்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் நானும் மாதர் குழுத் தங்கைமார் இரண்டு பேரும் இருப்போம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, ஈ.பி.எப். இலக்கம் இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுடையதை முதலில் பார்ப்போம். வாசிக்கத் தெரியாத அம்மாமார் பேரப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள். பெருக்கல் கணக்கைப் பிள்ளையே போடட்டும்.