உயிர்காப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன்

(தல்லாகுளத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன கூட்டத்தில் 'லைஃப் கார்டு பயிற்சி', அதாவது தண்ணீரில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் உயிர்காப்புப் பயிற்சி பற்றிப் பேச்சு எடுத்தோம். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, "நமக்கு எதுக்குங்க இது? நாம என்ன கடற்கரையிலயா குடியிருக்கோம்?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். நாங்களும்தான் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

மதுரையில் கடல் இல்லை. கண்மாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்ட குவாரிப் பள்ளங்கள் இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் இதே தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலில் இறங்கி, ஆண்டாள் மாலை வாங்கிக்கொண்டு, விடிய விடிய வைகைக்குப் போகிறார். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருப்பார்கள். அந்தத் தண்ணீரில் நம் பிள்ளைகள் இறங்காமல் இருக்கிறார்களா?

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் களப்பகுதியில் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்லணும். ஊர்ப்பேர் வேண்டாம். கண்மாயில் சவடு மண் அள்ளிய பள்ளம் மழையில் நிரம்பிக் கிடந்தது. மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். துணி துவைக்கப் போன அம்மாவோடு பிள்ளையும் போனது. பிள்ளை கால் வழுக்கிப் பள்ளத்துக்குள் போய்விட்டது. பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த சித்தி அப்படியே பாய்ந்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. இரண்டு பேரையும் சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

நாங்கள் மறுநாள் போனோம். அந்தக் கரையில் நின்றபோது கண்ணில் பட்டது ஒரு மாட்டுக் கயிறு. கருவேல மரத்தில் கட்டியிருந்தது, தண்ணீரிலிருந்து பத்து எட்டு இருக்கும். அதை யாரும் எடுக்கவில்லை. எடுக்கணும் என்று யாருக்கும் தோணவில்லை. குற்றம் சொல்லவில்லை சகோதரிகளே, நாங்கள் நின்றிருந்தாலும் எங்களுக்கும் தோணியிருக்காது. அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் பதிவேட்டில் சித்தியின் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் மட்டும் நம் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதே 2022 ஜூன் 5-ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் ஏழு பேர் ஒரே நேரத்தில் போனார்கள். ஏழு பேரும் சிறுமிகள், இளம்பெண்கள். பேப்பரில் படித்திருப்பீர்கள். முதலில் மாட்டியவர்களைத் தூக்கப் போய் மற்றவர்களும் மாட்டினார்கள் என்றார்கள். நம் ஊர்களிலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் விழுவார், பாசத்தில் இரண்டாவது ஆள் பாய்வார்.

இன்னொரு சம்பவம் சொல்கிறோம், இது கொஞ்சம் தெம்பாக இருக்கும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில், மருதையாற்று நீர்த்தேக்கத்தில் நடந்தது. கிரிக்கெட் விளையாடிவிட்டுக் குளிக்க வந்த பையன்களில் நாலு பேர் ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். கரையில் துவைத்துக் குளித்துவிட்டுக் கிளம்ப இருந்த மூன்று கிராமத்துப் பெண்கள், கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். மானம் மரியாதை என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. இரண்டு பேர் சேலையைப் பிடித்துக் கரையேறினார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூன்று பேருக்கும் அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதாவது நம் கணக்கில் பன்னிரண்டு முழம். நாம் எல்லோரும் தினமும் ஒரு மீட்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீர்க் கரைக்குப் போகிறோம். பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தபோது முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்த மூன்று பேர் செய்த வேலையைத்தான்.

இப்போது பயிற்சி எப்படி இருக்கும் என்று சொல்கிறோம். எங்கள் களப்பணியாளர்களில் மூன்று பேர் போய்க் கற்றுக்கொண்டு வந்தோம். மூன்று பேரும் முப்பது வயதுக்கு மேல். எம்.எஸ்.டபிள்யூ. படித்திருக்கிறோம், மேடையில் பேசுவோம், ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் நடுங்கும்.

முதலில் ஒரு விண்ணப்பம், டாக்டர் சான்றிதழ். வலிப்பு, இருதயக் கோளாறு, ஆஸ்துமா, காதில் சீழ் இருந்தால் மறைக்காமல் சொல்லணும். கர்ப்பிணிகள் தள்ளிப் போடணும். மாதவிலக்கு நாளில் வராமல் இருக்கலாம், பயிற்சியாளரிடம் சொன்னால் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. உடை விஷயம் எல்லோரும் கேட்கிறீர்கள். சேலை, சுடிதார், நைட்டி நீச்சல் குளத்தில் ஆகாது, நனைந்தால் காலைச் சுற்றும், கனக்கும். முழுக்கை வைத்து, கால்வரை மூடும் நீச்சல் உடை கடையில் கிடைக்கிறது. தலையில் எண்ணெய் தேய்த்துப் போகாதீர்கள், தொப்பி போடணும். எங்களில் ஒருவர் முதல் நாள் வளையலும் மல்லிகைப்பூவுமாகப் போய் நின்றார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நீச்சல் கற்பது வேறு, லைஃப் கார்டு பயிற்சி வேறு. நீச்சல் தெரிந்தவர்களைத்தான் லைஃப் கார்டு பயிற்சியில் சேர்ப்பார்கள், சேரும் நாளிலேயே நீந்தச் சொல்லிப் பார்ப்பார்கள். தெரியாதவர்கள் முதலில் நீச்சல் கற்கணும். ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கில் அரசு நீச்சல் குளம் இருக்கிறது, கோடையில் வகுப்புகள் நடக்கும். நம் பாட்டிமார் காலத்தில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக் கொடுத்தார்கள். ஆனால் பையன்களைத்தான் தள்ளிவிட்டார்கள், பெண்பிள்ளைகள் கிணற்று மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம். நம்மில் இத்தனை பேருக்கு நீச்சல் தெரியாததற்குக் காரணம் வேறென்ன?

எங்களுக்கு முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மூன்று நாள் ஆச்சு. மூச்சை வாயால் இழுத்து, தண்ணீருக்குள் விடணும். இது வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பிறகு மிதப்பது, பிறகு கை கால் அடிப்பது.

லைஃப் கார்டு பயிற்சியில் முதல் பாடம் தண்ணீருக்கு வெளியேதான். மூழ்குகிற ஆள் எப்படி இருப்பார்? சினிமாவில் "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சுக்கே காற்று இல்லாதபோது கத்துவது எப்படி? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் முங்கி முங்கி எழும். உடம்பு நட்டமாக நிற்கும். இரண்டு கையும் தண்ணீரைக் கீழே அமுக்கும். கையாட்டிக் கூப்பிட முடியாது. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், சின்னப் பிள்ளை என்றால் அதைவிடச் சீக்கிரம். 'பிள்ளை விளையாடுது'ன்னு நாம் பார்த்துக்கொண்டே இருப்போம்.

அடுத்த பாடம் வரிசை. சத்தம் போட்டு ஆள் கூப்பிடு. கம்பு, துண்டு, கிளை எட்டினால் நீட்டு. எட்டாவிட்டால் வீசு. அதுவும் முடியாவிட்டால்தான் மிதவையோடு போ. வெறுங்கையோடு நீந்திப் போவது கடைசியிலும் கடைசி. எத்தனை வருஷம் அனுபவம் உள்ள லைஃப் கார்டும் கையில் மிதவை இல்லாமல் இறங்கக் கூடாது என்பார்கள். எங்களுக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பாயக் கற்றுக் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனோம். பாயாமல் இருக்கத்தான் அதிகம் கற்றுக் கொடுத்தார்கள்.

வீசுவதிலும் பழக்கம் வேணும். கயிறு அவர் முன்னால் விழுந்தால் பிடிக்க முடியாது. தலையைத் தாண்டி, தோள்மேல் விழுகிற மாதிரி வீசணும். அவர் பிடித்ததும் நாம் நின்றுகொண்டு இழுத்தால் நம்மையும் இழுத்துவிடுவார். உட்காரணும், இல்லை குப்புறப் படுத்துக்கொண்டு இழுக்கணும். வெறும் சேலை காற்றில் விரிந்து பக்கத்திலேயே விழும், அதனால் நுனியில் முடிச்சுப் போடணும். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, கயிறு கட்டி வீசினால் நல்ல தூரம் போகும், மிதக்கவும் செய்யும். காலிப் பிளாஸ்டிக் குடமும் மிதவைதான்.

பிறகுதான் குளத்துக்குள் இறக்குவார்கள். மிதவை கொண்டுபோய்க் கொடுப்பது, ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து இழுத்து வருவது, அடியில் கிடக்கும் கனத்தை முங்கி எடுப்பது எல்லாம் உண்டு. தண்ணீரில் இருப்பவர் நம் கழுத்தைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? மேலே உதறப் பார்க்காதீர்கள், கீழே முங்குங்கள் என்பார்கள். அவருக்கு வேண்டியது மேலே வருவது, நாம் கீழே போனால் பிடியைத் தானே விடுவார். இந்தப் பாடத்தில் எங்களில் ஒருவர் அழுதேவிட்டார். அந்தச் சித்தி ஞாபகம் வந்துவிட்டது.

கரைக்குக் கொண்டு வந்த பிறகு செய்வதில்தான் நம் ஊர்களில் பெரிய தப்பு நடக்கிறது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இதெல்லாம் கூடாது. நேரம் போகும், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாயில் போகும். பேச்சு மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதணும். சில பயிற்சிகளில் இரண்டு முறை என்பார்கள், சிலவற்றில் ஐந்து. பிறகு நெஞ்சின் நடுவில் கைகளை வைத்து முப்பது அழுத்து, இரண்டு மூச்சு, திரும்ப முப்பது அழுத்து. பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை. பொம்மையில் செய்து பார்த்தோம். இரண்டு நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டியது, முட்டி தேய்ந்தது. ஆள் மாற்றி ஆள், 108 வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும், நுரையீரலில் போன தண்ணீர் பிறகு தொந்தரவு தரும்.

கடைசியில் தேர்வு. எங்கள் மூன்று பேரில் ஒருவர் நேரத்துக்குள் நீந்தி முடிக்க முடியாமல் தேறவில்லை. ஆனால் கயிறு வீசுவதில் அவர்தான் முதல். வைகைக் கரை ஊரில் வாய்க்கால் ஓரம் கயிறு வீசத் தெரிந்த ஒரு ஆள் நிற்பது பெரிய விஷயம் என்றார் பயிற்சியாளர். எங்களுக்கும் அப்படித்தான் தோணுகிறது.

"மகளை அனுப்பினால் வேலை கிடைக்குமா?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். உள்ளதைச் சொல்கிறோம். புனேயில் தலைமையிடம் உள்ள ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி போன்ற அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. ஹோட்டல் நீச்சல் குளம், பள்ளிக்கூட நீச்சல் குளம், நீர் விளையாட்டுப் பூங்கா இங்கெல்லாம் கேட்பார்கள். கோவா கடற்கரைகளில் 2008 முதல் சம்பளத்துக்கு உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், பிற்பாடு பெண்களும் சேர்ந்தார்கள். ஆனால் 'சேர்ந்தால் வேலை நிச்சயம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சான்றிதழுக்குக் காலாவதி உண்டு, புதுப்பிக்கணும். அரசு வழியில் பார்த்தால், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் 'ஆப்த மித்ரா' என்று ஒரு திட்டம் தொடங்கியது. வெள்ள அபாயம் உள்ள 30 மாவட்டங்களில் 6,000 பொதுமக்களுக்கு மீட்புப் பயிற்சி, 2021-க்குப் பிறகு இன்னும் பல மாவட்டங்களுக்கு விரித்தார்கள். அது சம்பள வேலை இல்லை, தன்னார்வம். இப்படி அறிவிப்பு வந்தால் கலெக்டர் ஆபீஸில் கேட்டுச் சொல்வது எங்கள் பொறுப்பு.

சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. வங்கதேசத்தில் வீட்டுக்கு வீடு குளம். காலையில் அம்மா சமையலில் இருக்கும்போதுதான் பிள்ளைகள் நழுவிப் போய்விடுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அதனால் கிராமத்துப் பெண் ஒருவரையே பயிற்சி கொடுத்து, காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணிவரை ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளை ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் நேரத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கின்றன என்று அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, நீச்சல் தெரிந்த பெண்பிள்ளைகள் பெயரை ஊக்குநரிடம் கொடுங்கள். நீச்சல் கற்க வருபவர்கள் பெயர் தனித்தாளில். இரண்டுக்கும் வர முடியாதவர்களுக்குக் கயிறு வீசும் பழக்கமும் நெஞ்சு அழுத்தும் பழக்கமும் ஊரிலேயே வைத்துக்கொள்வோம், அரை நாள் போதும். தல்லாகுளம் தீயணைப்பு நிலையத்தில் செய்முறை காட்டச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறோம், கூட்டமைப்புத் தலைவி கையெழுத்துப் போட்டதும் கொடுத்துவிடுவோம். 101, 108 இரண்டு எண்ணையும் இன்றைக்கே பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

ஊருக்கு வரும்போது அறுபது அடி நைலான் கயிறு நாங்கள் கொண்டு வருகிறோம். காலி எண்ணெய்க் கேன் குழுவுக்கு ஒன்று, மூடியோடு, நீங்கள் எடுத்து வையுங்கள். பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.