கையடக்க டார்ச் லைட் வாங்கப் போகிறீர்களா?



விதை நெல் வாங்கினால் முளைப்புத் திறன் எவ்வளவு என்று பார்க்கிறோம். பூச்சி மருந்து வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். டார்ச் லைட் வாங்கும்போது மட்டும், கடைக்காரர் எதிர்வீட்டு மாடியில் ஒரு தரம் அடித்துக் காட்டியதுமே, 'அடேயப்பா!' என்று பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். ராத்திரி மடை மாற்றவும், மோட்டார் போடவும், சினை மாட்டைப் போய்ப் பார்க்கவும் நம் காலுக்கு முன்னால் போகிற பொருள் அது. அதை எப்படிச் சோதித்து வாங்குவது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

ஒரு டார்ச்சுக்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். ஏறக்குறைய பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நடக்கிறது. கண்ணாடி விரியன் வரப்பு ஓரத்தில் சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். ஆள் வருகிறதென்று எழுந்து ஓடாது. கட்டுவிரியன் நடமாடுவதே இருட்டில்தான். கடி பெரும்பாலும் காலில்தான் விழுகிறது. ஆகையால் வயலுக்குப் போகிறவருக்கு டார்ச் செய்ய வேண்டிய முதல் வேலை, தூரத்துத் தென்னை மரத்தைக் காட்டுவது அல்ல. நான்கு அடி முன்னால் தரையில் கிடப்பதைக் காட்டுவதுதான்.

இப்போது கடைகளில் குவிந்திருக்கும் எல்.இ.டி. டார்ச்சுகளில் இரண்டு ரகம் உண்டு. தலையை முன்னும் பின்னும் இழுத்தால் வெளிச்சம் குவிந்து விரிகிற ரகம் ஒன்று. 'அண்ணே, இது ஆயிரம் மீட்டர் அடிக்கும்ங்க' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இதைத்தான். இன்னொன்று, நடுவில் ஒரு பிரகாசமான வட்டமும் அதைச் சுற்றி மங்கலாக அகன்ற வெளிச்சமும் விழுகிற ரகம். ஒரு சாண் நீளம்கூட இல்லாமல் சட்டைப் பையில் அடங்குகிற அலுமினிய டார்ச்சுகள் பல இந்த இரண்டாவது ரகம்.

இரண்டையும், வீட்டில் இருந்த பழைய பல்பு டார்ச்சையும் வைத்துக்கொண்டு நான் ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், பழுப்பேறிய தேங்காய் நார்க் கயிறு இரண்டு முழம் எடுத்து, வரப்பில் சருகு கிடக்கிற இடமாகப் பார்த்து ஒரு பையனைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. டார்ச்சை இடுப்பு உயரத்தில் பிடித்து, வழக்கமாக நடக்கிற வேகத்திலேயே நடந்து வாருங்கள். கயிறு எத்தனை அடி தள்ளிக் கண்ணில் படுகிறது என்பதுதான் கணக்கு.

ஆயிரம் மீட்டர் டார்ச்சைக் குவித்து வைத்து நடந்தபோது, காலடியில் சோற்றுத் தட்டு அளவுதான் வெளிச்சம். சுற்றிலும் ஒரே கும்மிருட்டு. கயிற்றைத் தாண்டியே போய்விட்டேன், பையன் சிரித்தான். விரித்து வைத்தபோது பரவாயில்லை. பழைய பல்பு டார்ச் கயிற்றைக் காட்டியது, ஆனால் மிதிக்கப் போகிற நேரத்தில். சின்ன அலுமினிய டார்ச்சை நடுத்தர வெளிச்சத்தில் வைத்து நடந்தபோது ஏழெட்டு அடிக்கு முன்பே கயிறு தெரிந்தது. அதுவும் நடு வட்டத்தில் அல்ல, ஓரத்து மங்கல் வெளிச்சத்தில்தான் முதலில் பட்டது. அந்த ஓர வெளிச்சத்துக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

இனி, பெட்டியில் அச்சடித்திருக்கிற எண்களுக்கு வருவோம். 'லூமென்' என்பது டார்ச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. 'மீட்டர்' என்பது எட்டுகிற தூரம். இந்தத் தூரத்தை அளக்க 2009-இல் அமெரிக்காவில் ஒரு தர விதி கொண்டுவந்தார்கள். நல்ல கம்பெனிகள் இதையே பின்பற்றுகின்றன. அதன்படி, வெளிச்சம் பௌர்ணமி நிலவு அளவுக்குக் குறைந்துபோகிற இடம்தான் கடைசி எல்லை. 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200-வது மீட்டரில் நிலா வெளிச்சம்தான் இருக்கும் என்று அர்த்தம். அங்கே நிற்பது நரியா நாயா என்று சொல்ல அது போதாது.

அதே விதியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 'எரியும் நேரம்' என்று போடுவது, முதலில் இருந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும் உள்ள நேரம். இரண்டரை மணி நேரம் என்று எழுதியிருப்பதில் பெரும் பகுதி மங்கிய வெளிச்சமாகவே இருக்கலாம். கம்பெனிக்காரர் பொய் சொல்லவில்லை. நாம்தான் விவரம் தெரிந்து படிக்க வேண்டும்.

உண்மை நிலவரத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். இப்போதைய டார்ச்சுகளில் பரவலாக இருப்பது '18650' என்கிற லித்தியம் கட்டை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதுதான் பெயருக்குக் காரணம். 2,600 எம்.ஏ.ஹெச். என்று போட்ட நல்ல கட்டையை, அதன் 3.6 வோல்ட்டோடு பெருக்கினால் சுமார் 9 வாட்-மணி கிடைக்கும். எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 100 லூமென் எட்டு, ஒன்பது மணி நேரம். 800 லூமென் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. இதற்கு மேல் சொன்னால் நம்ப வேண்டாம். நான் சோதித்த டார்ச்சில் நடு நிலை 150 லூமென். சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டது, ராத்திரி பன்னிரண்டரைக்குத்தான் மங்கியது. கணக்கோடு ஒத்துப்போகிறது. உச்ச நிலையில் வைத்தபோதோ, மூன்றே நிமிஷத்தில் பிடிக்க முடியாத சூடு. டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. அப்படிக் குறைத்துக்கொள்வது நல்லதுதான், இல்லாவிட்டால் எல்.இ.டி. வெந்துபோகும். பிளாஸ்டிக் உடம்பு டார்ச்சில் இந்தச் சூடு வெளியேற வழியில்லை என்பதையும் கவனியுங்கள்.

சில கட்டைகளில் 9,900 என்று பளபளவென்று அச்சடித்திருப்பார்கள். இந்த அளவுக் கட்டையில் பேர்பெற்ற கம்பெனிகளே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. அதைத் தாண்டுவது அபூர்வம். சந்தேகமாக இருந்தால் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் போட்டுப் பாருங்கள். நல்ல கட்டை 45 கிராமுக்கு அக்கம் பக்கம் இருக்கும். 30 கிராம்தான் காட்டுகிறதென்றால் உள்ளே சரக்கு இல்லை.

கட்டையைக் கழற்றி மாற்ற முடிகிற டார்ச்சாகவே வாங்குங்கள். சீல் வைத்த டார்ச்சில், இரண்டு மூன்று வருஷத்தில் கட்டை ஓய்ந்ததும் முழு டார்ச்சும் குப்பைக்குப் போகும். ஒரே ஒரு பென்சில் கட்டையில் எரிகிற குட்டி டார்ச்சும் மோசமில்லை. வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலும் கட்டை கிடைக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கப் போகிறதென்றால் கட்டையை வெளியே எடுத்துவிடுங்கள், கசிந்து உள்ளே அரித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் 'ஐ.பி.எக்ஸ். 4' என்றால் சாரலைத் தாங்கும். 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வாய்க்காலில் நிற்கிறவருக்கு இரண்டாவதுதான் லாயக்கு. சார்ஜ் போடுகிற ஓட்டைக்கு ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சுலபமாக நுழைகிற வழி அது.

சேற்றுக் கையோடு, கண்ணால் பார்க்காமல் பொத்தானை அமுக்க முடிகிறதா? கடையிலேயே நாலு தரம் செய்து பாருங்கள். மினுக்கு மினுக்கென்று வெட்டி வெட்டி எரிகிற நிலையை எதற்காக வைக்கிறார்களோ, வரப்பில் நடப்பவருக்கு அது ஒரே தொந்தரவு. மண்வெட்டி பிடிக்கிறவர்கள், தலையில் பட்டை கட்டி மாட்டுகிற டார்ச்சைப் பற்றியும் யோசிக்கலாம்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளை பளிச்சென்று தெரியும், ஆனால் பழுப்பு, சிவப்பு நிறங்களைச் சாம்பலாக அடித்துவிடும். மஞ்சள் சாயல் கலந்த வெள்ளையில் மண்ணும் சருகும் தனித்தனியாகத் தெரியும். பெட்டியில் 4,000 அல்லது 5,000 'கே' என்று இருந்தால் எடுக்கலாம். 6,500 என்றால் அது நீல ரகம். பயிர் பார்க்கவும் இது உதவும். நிலக்கடலையில் புரோடினியாப் புழு பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு ராத்திரியில்தான் மேய வரும். கோடை மழை பெய்ததும் வேப்ப மரத்திலும் கருவேல மரத்திலும் வந்து மொய்க்கிற வண்டுகளை, இருட்டினதும் டார்ச்சோடு போய்க் கிளையை உலுக்கிப் பொறுக்கினால், நிலக்கடலை வேரைத் தின்கிற வேர்ப்புழு அந்த மட்டுக்கும் குறையும்.

எவ்வளவு நல்ல டார்ச்சானாலும் கையைப் புல்லுக்குள் விடாதீர்கள். கம்பும் பூட்ஸும் கூடவே இருக்கட்டும். அப்படியும் கடி பட்டுவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய்ச் சேருங்கள்.

வாங்கின டார்ச்சை டிராக்டர் பெட்டியில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள், லித்தியம் கட்டைக்குச் சூடு ஆகாது. உப்பிப்போன கட்டையைத் திரும்பவும் சார்ஜ் போடக்கூடாது. தனிக் கட்டையைச் சாவிக் கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டால் நெருப்புப் பற்றும். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். வாசல் நிலைப்பக்கம் ஓர் ஆணி அடித்து, டார்ச்சை எப்போதும் அதிலேயே மாட்டுங்கள். கரண்டு போன நேரத்திலும் கை தடவி எடுத்துவிடலாம்.