சாமியாருக்குச் சிவமூலி, நோயாளிக்குச் சிறையா?

(தென்காசியில் ஆற்றிய சொற்பொழிவு)

சாரல் காலத்தில் குற்றாலத்தில் இரண்டு விதமான மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் காவி கட்டி, சடை வளர்த்து, மரத்தடியில் உட்கார்ந்து கஞ்சா இழுப்பவர். அதை நாம் கஞ்சா என்று சொல்லுவதில்லை, "சிவமூலி" என்கிறோம், காலில் விழுந்து காசும் வைக்கிறோம். மற்றொருவர் கால் விளங்காதவர். அருவிக்குப் போகும் வழியில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து "முன் ஜன்மத்துப் பாவம்" என்கிறோம். இந்த இரண்டாமவர் வலி பொறுக்காமல் அதே செடியைத் தேடினால் அவர் குற்றவாளி! இது என்ன நியாயம்?

1985ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டப்படி பூவும் காயும் கூடிய நுனிதான் கஞ்சா. தனி இலை கஞ்சா அல்ல. ஆகவேதான் வடநாட்டில் சில மாகாணங்களில் சர்க்கார் லைசென்சு பெற்ற கடைகளிலேயே "பாங்கு" விற்கிறார்கள். சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் குடிக்கிறார்கள். பக்திக்கு இவ்வளவு தாராளம் காட்டுகிறவர்கள் நோயாளியிடம் மாத்திரம் ஒழுக்கம் பேசுவானேன்? வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அதே சட்டம் இடம் விட்டுத்தானே இருக்கிறது?

உடனே, கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாலிபர்கள் புகைத்துப் புத்தி கெடுவதை நான் ஒருக்காலும் ஒப்பமாட்டேன். நான் கேட்பதெல்லாம் சோதனை. "சித்தர் சொன்னார்" என்பதும் ஆதாரமல்ல. "பாவப் பூண்டு" என்பதும் ஆதாரமல்ல. 1839ல் கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற டாக்டர் முதலில் பிராணிகளுக்கும், பிறகு இசிவு, வலிப்பு, வாதம் கண்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதினார். 2018ல் அமெரிக்க மருந்து இலாகா, இச்செடியிலுள்ள மயக்கம் தராத கன்னபிடியால் என்ற சத்தை, இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாக ஒப்புக்கொண்டது. 2020ல் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் கமிஷன் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்தே ஓட்டளித்தது. ஆகவே, எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்பவன் புரட்டன். எந்த நோய்க்கும் ஆகாது என்பவன் மூடன்.

ஆனால் மருந்து கிடைத்தும் பிழைப்புப் போனால் என்ன பிரயோஜனம்? அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் கை கால் விளங்காத ஒருவர் ஒரு கம்பெனியில் டெலிபோனில் பதில் சொல்லும் வேலை பார்த்தார். மாகாணச் சட்டத்தின் அனுமதி பெற்று, வேலை நேரம் போக வீட்டில் கஞ்சாவை மருந்தாக உபயோகித்தார். 2010ல் சோதனையில் அது தெரிந்ததும் அவரை விலக்கினார்கள். வேலை நேரத்தில் மயங்கிக் கிடந்தார் என்ற குற்றச்சாட்டே கிடையாது. மத்திய சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி 2015ல் கோர்ட்டும் கைவிட்டது. ஆனால் 2017ல் மசாசூசெட்ஸ் மாகாணத்தில், குடல் நோய்க்காக இதே மருந்தைச் சாப்பிட்டு வேலை இழந்த ஒரு பெண், ஊனமுற்றோருக்கு இழைத்த பாகுபாடு என்று வழக்காடலாம் என அங்குள்ள பெரிய கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே, வேலை செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டுமே யொழிய, இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அறிவாகாது.

நம் நாட்டில் 2016ம் வருஷத்துச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்று, சர்க்கார் உத்தியோகத்தில் 100க்கு 4 இடம் ஒதுக்கியிருக்கிறது. உத்தியோகத்திலிருக்கும்போது ஊனமானவரை விலக்கக் கூடாது. பதவி இறக்கக் கூடாது என்றும் சொல்லுகிறது. நல்லது. ஆனால் ஆலங்குளம் பக்கம் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு விரல் மடங்காமல் போனால், இந்த 4 இடம் அவளுக்கு என்ன செய்யும்? "மாற்றுத் திறனாளி" என்று பெயரை மரியாதையாக மாற்றிவிட்டோம். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை மாற்றினோமா?

தோழர்களே! குற்றாலத்தில் கடை, ஓட்டல், விடுதி வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கணக்கு எழுதவும், சீட்டுக் கிழிக்கவும், டெலிபோனில் பேசவும் கால் எதற்கு? அடுத்த சாரலுக்குள் ஆளுக்கொருவரைத் துண்டிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வையுங்கள். பிச்சை போடுவதால் உங்களுக்குப் புண்ணியம் வருவதாகச் சொல்லுகிறார்கள். அதை யாரும் கண்டதில்லை. வேலை கொடுத்தால் அவருக்கு மானம் வரும். அதை எல்லோரும் காணலாம்.